தட்டச்சு வகுப்பிலிருந்து ஒரு மதிப்புரை: ‘எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ’ இலவசப் பாடம்

ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் ரியாக்டர் என்ற ஃபின்லாந்து மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எலிமென்ட்ஸ் ஆஃப் ஏஐ’, செயற்கை நுண்ணறிவின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் இணையவழிப் பாடம். கட்டணம் கிடையாது, நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கு நினைவிருந்தால் போதும். ஃபின்லாந்து மக்கள்தொகையில் 1 விழுக்காட்டினருக்காவது, அதாவது ஏறத்தாழ 55,000 பேருக்கு, இதைக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கிய பாடத்தில் இதுவரை உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். மயிலாடுதுறையில் தட்டச்சும் டேலி என்ற கணக்கு மென்பொருளும் கற்பிப்பவள் என்ற முறையில், எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

காவிரிப் படுகையின் சிற்றூர்களில், நிலத்தை மட்டும் நம்ப முடியாத குடும்பங்களுக்கு, தட்டச்சு நிலையம் பல தலைமுறைகளாக அலுவலக வேலைக்கான முதல் படியாக இருந்துவருகிறது. நிமிடத்துக்கு 30 சொல் அடித்து லோயர், 45 சொல் அடித்து ஹையர், அதன்பின் அரசு அலுவலக வேலைக்கான குரூப் 4 தேர்வு என்பதே இங்கே பலரும் போகும் பாதை. அரசு வேலை கிடைக்காதவர்கள் டேலி கற்று அரிசி ஆலைக்கும் ஜவுளிக்கடைக்கும் கணக்கெழுதப் போகிறார்கள். சிலர் கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் டிடிபி கடையிலும் இ-சேவை மையத்திலும் அமர்கிறார்கள். பில் பதிவது, கடிதம் எழுதுவது, அழைப்பிதழ் வடிவமைப்பது என இவர்கள் செய்யும் வேலைகளில்தான் இப்போது இயந்திரம் முதலில் கைவைக்கிறது. “இதைப் படிச்சா இன்னும் எத்தனை வருஷத்துக்கு ஓடும், டீச்சர்?” என்று பெற்றோர் கேட்கும் கேள்வி நியாயமானது. இந்தக் கவலையைப் பயன்படுத்திக்கொண்டு, வார இறுதி வகுப்பு என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கி, எந்தச் செயலியில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பவர்களும் பெருகிவிட்டார்கள். செயலி மாறும்போது அந்தப் பயிற்சியும் பயனற்றுப்போகிறது. இந்தப் பாடமோ எந்தச் செயலியையும் பழக்குவதில்லை. இயந்திரம் சொல்வதை எப்போது நம்பலாம், எப்போது நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்று எடைபோடக் கற்றுத்தருகிறது. இதைப் பரிந்துரைப்பதற்கு என் முதற்காரணம் அதுதான்.

மொத்தம் ஆறு பகுதிகள். முதல் பகுதியின் பயிற்சி ஒன்று சில பொருள்களைக் கொடுத்து, இவற்றில் எது செயற்கை நுண்ணறிவு, எது அன்று என்று கேட்கிறது: கூட்டல் முதலான வரையறுத்த கணக்குகளைப் போடும் விரிதாள், வழிகாட்டும் ஜிபிஎஸ், பாட்டுப் பரிந்துரைக்கும் சேவை, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. நாள்தோறும் எக்செல்லில் உழைக்கும் என் மாணவிகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. இடைவிடாத வழிகாட்டல் இல்லாமல் இயங்குவதும் அனுபவத்திலிருந்து தன்னைத் திருத்திக்கொள்வதும்தான் கவனிக்க வேண்டிய இரண்டு தன்மைகள் என்று அந்தப் பகுதி சொல்கிறது. இதைப் புரிந்துகொண்ட ஒரு கணக்கர், கடைக்கு வந்து ‘ஏஐ பில்லிங்’ விற்கும் முகவரிடம், இதில் எந்தப் பகுதி கற்றுக்கொள்கிறது, எந்தத் தரவிலிருந்து கற்றுக்கொள்கிறது என்று நிதானமாகக் கேட்க முடியும்.

பாடத்தின் உயிர் மூன்றாம் பகுதியில், நிகழ்தகவில், இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய கணக்கு ஒன்றை அங்கே போடுகிறார்கள். எண்கள் விளக்கத்துக்காகக் கற்பனையாக வைத்தவை என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். 100 பெண்களில் 5 பேருக்கு நோய் இருக்கிறது. நோயுள்ள 100 பேரில் 80 பேரைப் பரிசோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 100 பேரில் 10 பேருக்குத் தவறாக ‘உண்டு’ என்று சொல்லும். அப்படியானால் ‘உண்டு’ என்று முடிவு வந்த பெண்ணுக்கு உண்மையில் நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? வகுப்பில் பெரும்பாலோர் 80 விழுக்காடு என்றார்கள். கரும்பலகையில் 1,000 பெண்களை எடுத்துக்கொண்டோம்: நோயுள்ள 50 பேரில் 40 பேருக்கு ‘உண்டு’, நோயில்லாத 950 பேரில் 95 பேருக்கும் ‘உண்டு’. ஆக 135 பேரில் 40 பேருக்கு மட்டுமே நோய். ஏறத்தாழ 30 விழுக்காடு. அந்த விடை பலகையில் வந்தபோது வகுப்பில் எழுந்த வியப்பை நான் மிகவும் மதிக்கிறேன். சம்பா நெல்லின் இலையைப் படம் எடுத்துக் குலைநோய் என்று சொல்லும் செயலிக்கும், வங்கியின் மோசடி எச்சரிக்கைக்கும் இதே கணக்குத்தான். அந்த வட்டாரத்தில் அந்த ஆண்டு நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரியாமல் செயலியின் விடையை மட்டும் வைத்து மருந்து வாங்கப் போகக் கூடாது என்பதை ஒரு விவசாயியின் மகளுக்கு இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் பகுதியில், நரி, கோழி, கோழித் தீனி மூன்றையும் ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுசேர்க்கும் ஒரு படகுப் புதிர் வருகிறது. அதற்கு ஈடான புலி, ஆடு, புல்லுக்கட்டு கதையைச் சிறுவயதில் கேட்டவர்களுக்கு அது எளிது. நான்காம் பகுதி, எத்தனை மணி நேரம் படித்தால் தேர்ச்சி பெற எவ்வளவு வாய்ப்பு என்ற எடுத்துக்காட்டால் மாணவர்களை ஈர்க்கிறது. மூளையின் நரம்பணுக்களை முன்மாதிரியாகக் கொண்ட கணினி முறையான நரம்பணு வலையமைப்பைப் பற்றிய ஐந்தாம் பகுதி சற்றுக் கடினம்; தேவைப்பட்டால் இரண்டு முறை படிக்கலாம்.

குறைகளில் முதன்மையானது மொழி. ஆங்கிலம் எளிமையானதே என்றாலும், சில பயிற்சிகளுக்கு விடையைப் பத்தியாக எழுத வேண்டும், அதைச் சக மாணவர்கள் மதிப்பிடுவார்கள்; தமிழ் வழியில் படித்த பிள்ளை அங்கேதான் தயங்கி நின்றுவிடுகிறது. ஏறத்தாழ 13 லட்சம் மக்களே உள்ள எஸ்டோனியாவின் மொழியில் இந்தப் பாடம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 24 லட்சம் பேர் இருந்தார்கள். ஆனால் தமிழில் இல்லை. இதைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஓர் அமைப்பு முன்னின்று செய்ய வேண்டும் என்பது என் விருப்பமும் வேண்டுகோளும் ஆகும். மேலும், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவருவதற்கு முன்பே அமைக்கப்பட்ட பாடம் என்பதால், அதைப் போல உரை எழுதித்தரும் மொழி மாதிரிகளைப் பற்றித் தனியே படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சான்றிதழ் கிடைக்கும், ஆனால் இங்கே எந்த முதலாளியும் அதைக் கேட்டு வேலை தருவதில்லை.

பயன் வேறு விதமாகத்தான் தெரிகிறது. அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதும் என் பழைய மாணவி, பில்களைத் தானே படித்துப் பதிவுசெய்யும் மென்பொருள் வரப்போகிறது என்றதும், வேலை போய்விடுமோ என்று அழுதுகொண்டு வந்தாள். இந்தப் பாடத்தை முடித்த பிறகு, கையால் எழுதிய பழைய தமிழ்ப் பில்களை அந்த மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்க்கும்படி அவளே ஆலைக்காரரிடம் கேட்டாள். எங்கெங்கே எண்களை மாற்றிப் படிக்கிறது என்று பட்டியலிட்டுக் கொடுத்தாள். இப்போது அதன் பதிவுகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு.

டேலி முடித்தவர்கள், டிடிபி வேலையில் இருப்பவர்கள், கல்லூரியில் இறுதியாண்டு வணிகவியல் படிப்பவர்கள் ஆகியோருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தனியாக உட்காராமல் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் விவாதித்து, அதன்பின் விடை எழுதுங்கள். தட்டச்சுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் தொடங்க வேண்டாம். தேர்வு முடிந்த மறுவாரம் தொடங்கலாம். மூன்றாம் பகுதிக்கு மட்டும் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கையில் இருக்கட்டும்.