ஊட்டி ஏத்தத்துக்கு மேனுவலா, ஏஎம்டியா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு, வாரம் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டும் என்பவருக்கும் ஷோரூமில் முதலில் காட்டுவது ஏஎம்டியைத்தான், அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் கியர் தானே மாறும் வண்டியை. இடது காலுக்கு ஓய்வு, மைலேஜும் மேனுவலை ஒட்டியே வரும். சமவெளிக்குச் சரி. மலைக்கு மேனுவலே மேல். காரணம் கிளட்ச்.

ஏஎம்டியில் இருப்பதும் மேனுவலின் அதே கியர்பாக்ஸ், என்ஜினின் இழுவையை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் அதே கிளட்ச் பிளேட்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது, அவ்வளவே. மே மாதம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் பர்லியாறுக்கு மேலே வண்டிகள் ஒட்டி ஒட்டி நகரும்போது, அது பிளேட்டைப் பாதி பிடித்தபடி வழுக்க விட்டுத்தான் வண்டியை ஊர வைக்கும். பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டராலேயே ஏத்தத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கமும் சேர்ந்தால் கருகல் வாடை நிச்சயம். மேனுவலில் ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் நின்று, முன்னால் இரண்டு வண்டி நீளம் இடம் விழுந்ததும் ஒரே மூச்சில் நகரலாம். முதல் கியர் போட்டு கிளட்சை மெல்ல விட, பானெட் லேசாக எழும்பும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னுக்கு உருளாது. ஏஎம்டியிலும் பிரேக்கில் காத்திருக்கலாம்தான், ஆனால் கிளட்ச் பிடிக்கும் இடம் காலுக்குத் தெரியாது. செங்குத்தான வீட்டுப் பாதையில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், புரிந்துவிடும்.

தேய்ந்தால் செலவு எங்கே பிரிகிறது? பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுவது இரண்டுக்கும் பொது. பிளேட் உரசும் பிளைவீல் முகம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். மேனுவலில் வேலை அத்துடன் முடியும், ஊர் மெக்கானிக்கே செய்துவிடுவார். ஏஎம்டியில் புது பிளேட்டின் பிடிக்கும் புள்ளியை ஸ்கேனர் போட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நகர்விலும் உதறும். ஆக்சுவேட்டரே போனால் கியர் விழாது, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் இறக்க வேண்டும். மேனுவல் பிக்கப்பில் கேரட் ஏற்றி இறங்குபவர்களிடம் இந்தப் பேச்சே எழுவதில்லை.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் என்ஜினில் நாலு பேரோடு ஏறும் ஏஎம்டி, மூன்றாவது கியரிலேயே வளைவுக்குள் நுழைந்து, பாதியில் இரண்டாவதுக்கு இறங்க ஒரு நொடி இழுவையை விட்டுவிடும். வளைவுக்கு முன்பே, கியரை நாமே மாற்றும் மேனுவல் மோடில் இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள்.

இறக்கத்திலும் அப்படியே. ஆக்சிலேட்டரை விட்டதும் கியரைத் தானே மாற்றும் டி மோடு மேல் கியருக்குத் தாவப் பார்க்கும், என்ஜின் பிடிமானம் போய் பாரமெல்லாம் பிரேக் மேல் விழும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதையில் இரண்டாவதுக்கு மேல் வேண்டாம், தேவைப்பட்டால் முதலாவது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இரண்டுக்கும் பொது.

முழங்கால் வலி உள்ளவர், டவுனுக்குள்ளேயே ஓட்டுபவர் ஏஎம்டி எடுக்கலாம், ஆனால் ஏத்தத்தில் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னுக்கு உருளாமல் சில நொடி பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும். பணம் இடம் கொடுத்தால் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் இன்னும் நல்லது; நகரும்போது ஆயில்தான் வழுக்கும், பிளேட் கருகாது. கியர் படிகளுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி ஆட்டோமேட்டிக் மலையில் நீண்ட காலம் உழைத்ததை அதிகம் பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்வதற்கில்லை.

பழைய வண்டி என்றால் எதுவானாலும் ஏத்தத்தில் மூன்றாவது கியரில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். ஏஎம்டியை மேனுவல் மோடில் வைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் துள்ளி, வேகம் அதே இடத்தில் நின்றால் பிளேட் முடிந்தது. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.