கீமோ காலத்தில் சீன மருத்துவம்: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

சீன மரபு மருத்துவத்தை எல்லாரும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் பேசுகிறார்கள். கீமோ, கதிர்வீச்சு நடக்கும் மாதங்களில் அதைத் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்தால் பொட்டலம் பிரிந்துவிடும். மெல்லிய ஊசி குத்தும் அக்குபஞ்சர், புள்ளி அழுத்தம், சிகோங் போன்ற அசைவுப் பயிற்சிகள் ஒரு ரகம். பலிக்காவிட்டால் பெரும்பாலும் நேரமும் பணமும்தான் போகும். கஷாயமும் மாத்திரையும் வேறு ரகம். அங்கே பிசகினால் கீமோவே தள்ளிப்போகும். கட்டியைக் கரைக்கும் என்று நம்பி இறங்குபவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பி இருந்தவர்களின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையதைப்போல் சுமார் 2.5 மடங்கு என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். இங்கே பேசுவது பக்கவிளைவுகளைத் தாங்குவதற்கான துணையைப் பற்றி மட்டும்.

குமட்டலில் தொடங்கலாம். நெய்குவான் என்ற புள்ளி, வரைபடங்களில் பி6 என்று இருக்கும். உள்பக்க மணிக்கட்டு மடிப்பில் மறுகையின் மோதிர விரல் விளிம்பு படும்படி மூன்று விரல்களைச் சேர்த்து வையுங்கள். ஆள்காட்டி விரலுக்கு அடியில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே தட்டுப்படும் பள்ளம்தான் இடம். கையை லேசாக மடக்கினால் நாண்கள் எழும்பித் தெரியும். கட்டைவிரலால் 2, 3 நிமிடம் அழுத்தும்போது மந்தமான ஒரு வலி பரவினால் இடம் சரி. பொத்தான் வைத்த மணிக்கட்டுப் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'பட்டை போட்டும் ஒன்றுமில்லை' என்பவர்களின் கையைப் பார்த்தால், பாதிப் பேருக்குப் பட்டை வழுக்கி மடிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். மீதிப் பேர் வாந்தி ஆரம்பித்த பிறகு மாட்டியிருப்பார்கள். மருந்து ஏறுவதற்கு முன்பே மாட்ட வேண்டும். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளில் தாமதக் குமட்டல் 2, 3ஆம் நாளில்தான் உச்சம் போகும் என்பதால் அதுவரை கழற்றக் கூடாது. வாந்தி தடுப்பு மருந்தான ஒன்டான்செட்ரானை இதற்காகக் குறைக்கவும் கூடாது. பட்டை அதற்கு மேல் கொஞ்சம் உதவும், அவ்வளவே. அக்குளில் நிணநீர்க் கணு எடுத்த பக்கத்துக் கையில் இறுக்கமான பட்டையும் வேண்டாம், அக்குபஞ்சர் ஊசியும் வேண்டாம்.

அக்குபஞ்சர் ஊசி உண்மையில் சாதித்துக் காட்டிய இடம் மூட்டுவலி. மார்பகப் புற்றுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் எடுக்கும் பலர் விரல் மடக்க முடியாமல் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 226 பெண்களைச் சேர்த்தார்கள். வாரம் 2 முறை 6 வாரம், பிறகு வாரம் 1 முறை 6 வாரம் என்பது அட்டவணை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பேருக்குக் குத்தும் போலி ஊசியைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் 10 புள்ளி வலி அளவுகோலில் வித்தியாசம் சுமார் 1 புள்ளி. இது போதுமா என்று கேட்டால், மாத்திரையைத் தொடர அந்த ஒரு புள்ளி சிலருக்குப் போதும். நாலு முறை குத்திப் பார்த்துவிட்டுக் கைவிடுபவர்கள்தான் அதிகம். முடிவு சொல்ல 6 வாரமாவது வேண்டும்.

தலை, கழுத்துக் கதிர்வீச்சில் வாய் உலர்வதற்கும் ஊசி பயன்படுகிறது. ஷாங்காயிலும் ஹூஸ்டனிலும் சேர்த்து நடந்த ஆய்வில், கதிர்வீச்சு நடக்கும்போதே வாரம் 3 முறை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஓராண்டு கழித்தும் உலர்வு குறைவாக இருந்தது. அதே ஆய்வில் ஹூஸ்டன் ஆட்களுக்குப் போலி ஊசியும் ஏறக்குறைய அதே அளவு வேலை செய்தது! நம்பிக்கைக்கும் இதில் பங்கு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். கை, கால் மரத்துப்போவதில் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உறுதியாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

ஊசி போடும் நாளைத் தீர்மானிக்க வேண்டியது ரத்தப் பரிசோதனை. கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள் ரத்த அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 50,000க்குக் கீழே இருந்தாலோ, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் 1,000க்குக் கீழே இருந்தாலோ அந்த வாரத்தை விட்டுவிடுவது நல்லது. சில மையங்கள் இன்னும் தாழ்ந்த எண்ணிலும் போடுகின்றன. அது மருத்துவமனைக்குள், அனுபவமுள்ள கையால் நடப்பது. காதில் ஒட்டி நாள்கணக்கில் விட்டுவைக்கும் குட்டி ஊசிகளை அணுக்கள் குறைந்த காலத்தில் ஒதுக்குங்கள், தொற்றுக்கு அது திறந்த வாசல். ஊசி ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதாக இருக்க வேண்டும். மேல் முதுகில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறை ஓட்டையாகலாம், கட்டி இருக்கும் இடத்தைத் தொடவே கூடாது.

மூலிகையைக் கொளுத்திப் புள்ளிகளில் காட்டும் மோக்ஸா சூட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளை எடுத்து மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். மூலிகை வெந்நீரில் கால் வைப்பதற்கும் இதுவே பொருந்தும். தெர்மாமீட்டர் வைத்து 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பார்த்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு பட்ட தோலில் கப்பிங் (குவளை வைத்து உறிஞ்சுவது), மூலிகைப் பிளாஸ்டர் எதுவும் கூடாது.

சோர்வுக்குச் சிகோங், அதைப்போன்ற தாய் சி. எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின் என்ற சிகோங் வரிசை 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும், நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். கீமோ நாளிலும் மறுநாளிலும் பாதியளவு போதும். எலும்பில் பரவல் இருந்தால் முறுக்கும் அசைவுகளையும் குனிவதையும் நீக்கிவிட வேண்டும். பெரிதாக ஒன்றும் நடப்பதாகத் தோன்றாது. மூன்றாவது வாரத்தில்தான் மாடிப்படியில் வித்தியாசம் தெரியும்.

இனி கஷாயம். ஒரு நாள் பொட்டலத்தில் பத்துப் பதினைந்து சரக்குகள் இருக்கும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது; மண், கண்ணாடி, எவர்சில்வர் ஆகும். 30 நிமிடம் ஊறவைத்து, சரக்குக்கு மேல் 2, 3 செ.மீ. நிற்கும்படி தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து 20 முதல் 30 நிமிடம். வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றி 20 நிமிடம். இரண்டையும் கலந்து காலை, மாலை பிரித்துக்கொள்வது வழக்கம். சிப்பி, கனிமச் சரக்குகள் முன்னதாகவும் புதினா போன்ற வாசனைச் சரக்குகள் கடைசி 5 நிமிடத்திலும் சேரும். நடைமுறையில் கஷாயத்தைத் தோற்கடிப்பது கசப்பை விட அளவு. குமட்டும் வயிற்றுக்கு 400 மி.லி. இறங்காது. கொதிக்கும் வாடையே சிலருக்கு வாந்தியை வரவழைக்கும். கரையும் குருணை வடிவம் இதற்கு ஏற்றது. வேகவைக்காத மூலிகைப் பொடி அடைத்த கேப்ஸ்யூலை அணுக்கள் குறைந்தவர்கள் தொடக்கூடாது. பூஞ்சை வித்துகள் அப்படியே உள்ளே போகும்.

'கீமோ மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் 2 மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்' என்ற ஆறுதல் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. வயிற்றுக்குள் இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மட்டுமே இடைவெளி உதவும். மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை ஒரு மூலிகை முடக்கினாலோ தூண்டிவிட்டாலோ அந்த விளைவு நாள்கணக்கில் நீடிக்கும்; கடிகாரம் பார்த்துக் குடித்து அதிலிருந்து தப்ப முடியாது. வூவெய்ஸி என்ற மூலிகை, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றும், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஆபத்து. டான்ஷென், டாங்குய் என்ற மூலிகைகள் இரண்டும் ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றில் வார்ஃபரின் எடுக்காவிட்டாலும் டாங்குய் வேண்டாம். ஏறக்குறைய எல்லாக் கலவையிலும் நுழையும் அதிமதுரம் பொட்டாசியத்தை இறக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். புராஸ்டேட் புற்றுக்கு அபிராடெரோன் மாத்திரை எடுப்பவருக்கு இந்த இரண்டு தொல்லையும் ஏற்கெனவே உண்டு. ஹஷோவூ என்ற மூலிகை கல்லீரலைக் கெடுத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

சரக்கின் பெயரை மட்டும் நம்ப முடியாது. 1990களில் பெல்ஜியத்தில் எடைக்குறைப்பு மருந்தில் ஃபாங்ஜி என்ற பெயரில் அரிஸ்டோலோகியா செடி கலந்துபோய், பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் நிலையில் இதை நினைத்துப் பாருங்கள். ஆகவே லத்தீன் தாவரப் பெயரும் கிராம் அளவும் எழுதிய பட்டியல் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள், அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். தொடங்குமுன் ரத்தத்தில் கல்லீரல் நொதி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்து, இரண்டு வாரத்தில் மறுபடி பாருங்கள். புதுக் கீமோ தொடங்கும் வாரத்தில் புதுக் கஷாயமும் கூடாது. நொதி எகிறினால் குற்றவாளி யார் என்று தெரியாமல் இரண்டையும் நிறுத்துவார்கள். அறுவைக்கு 2 வாரம் முன்பே எல்லா மூலிகையையும் நிறுத்த வேண்டும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் 'சூட்டைத் தணிக்கும்' கஷாயம் காய்ச்ச உட்காராதீர்கள். நியூட்ரோபில் குறைந்த உடம்பில் அது சில மணி நேரத்தில் உயிரைக் கேட்கும் தொற்றாக மாறலாம். காய்ச்சல் மாத்திரையும் போடாமல், கீமோ விவரச் சீட்டையும் மூலிகைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நள்ளிரவானாலும்.