பிளாக்செயின் செட்டில்மென்ட்டை வங்கிப் பேரேட்டுடன் இணைத்தல்: சில ஆண்டுகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு வங்கியின் டாலர் செட்டில்மென்ட் (பணத்தை இறுதியாகக் கைமாற்றித் தீர்த்தல்) பிரிவில், வங்கியின் கணக்குகளை நடத்தும் கோர் பேங்கிங் மென்பொருளையும், உறுப்பினர்கள் ஒரே பதிவேட்டைப் பகிரும், அனுமதி பெற்ற வங்கிகள் மட்டுமே சேரக்கூடிய ஒரு பிளாக்செயின் வலையமைப்பையும் இணைக்கும் பணியில் தொடக்கம் முதலே இருந்துவருகிறேன். இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேகத்தைச் சுற்றியே நடக்கிறது. வலையமைப்பில் பணம் கைமாறச் சில நொடிகள் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கைமாற்றத்தை நம் பேரேடு எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் ஒப்புக்கொள்கிறது என்பதைத் தீர்ப்பதற்கே எங்கள் உழைப்பில் பெரும்பகுதி போனது, இன்றும் போகிறது.

முதலில் இதன் தேவையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மத்திய வங்கியின் டாலர் பரிமாற்ற அமைப்பான ஃபெட்வயர், நியூயார்க் நேரப்படி முந்தைய நாள் இரவு 9 மணிக்குத் திறந்து மறுநாள் மாலை 7 மணிக்கு மூடுகிறது. வார இறுதியில் இயங்குவதில்லை. அங்கே கோடைகால நேரம் நடக்கும் மாதங்களில், நம் நேரப்படி சனிக்கிழமை அதிகாலை நாலரை மணியிலிருந்து திங்கள் காலை ஆறரை மணிவரை அந்த வழி அடைபட்டிருக்கும். ரூபாயில் 2019 டிசம்பரில் நெஃப்ட்டும், 2020 டிசம்பரில் ஆர்டிஜிஎஸ்ஸும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கிய பிறகு, டாலருக்கு மட்டும் ஏன் திங்கள்வரை காத்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்பது நியாயமே. 2023இல் அமெரிக்க வங்கியான ஜேபி மோர்கன், குஜராத்தின் சர்வதேச நிதி மையமான கிஃப்ட் சிட்டியில் இந்திய வங்கிகளுடன் சேர்ந்து தன் பிளாக்செயின் தளத்தில் டாலர் செட்டில்மென்ட் முன்னோட்டத்தைத் தொடங்கியதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

இனி, எங்களை அதிகம் சோதித்த தேதிச் சிக்கல். எங்கள் கோர் பேங்கிங்கில் வெள்ளிக்கிழமை இரவு நாள் முடிப்பு (அன்றைய கணக்கை மூடும் வேலை) ஓடி முடிந்ததும் வேலைத் தேதி திங்களுக்கு நகர்ந்துவிடும். சனிக்கிழமை இரவு 11.40க்கு ஓர் ஏற்றுமதியாளருக்கு 5 லட்சம் டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலையமைப்பில் அது சனிக்கிழமையே இறுதியாகிவிட்டது. நம் பேரேட்டிலோ திங்கள் தேதியிட்ட வரவு. அவர் ஞாயிறன்று அதிலிருந்து ஒரு பகுதியை வேறொருவருக்கு அனுப்பினால், பற்றுக்கு ஞாயிறு மதிப்புத் தேதியும் (வட்டிக் கணக்கில் தொகை சேரும் நாள்) வரவுக்குத் திங்கள் மதிப்புத் தேதியும் விழுந்து, பணம் கையில் இருந்தும் அவர் கணக்கு ஒரு நாள் மிகைப்பற்றில் (இருப்புக்கு மேல் எடுத்த நிலையில்) இருந்ததாக வட்டிக் கணக்கீடு முடிவு செய்யும். வலையமைப்பு தரும் இறுதி நேரத்தைத் தனிப் புலமாகச் சேமித்து, மதிப்புத் தேதியை அதிலிருந்தே எடுக்கும்படி வட்டிப் பகுதியை மாற்றிய பிறகுதான் இது அடங்கியது. இந்த மாற்றத்துக்கும் பிளாக்செயினுக்கும் நேரடித் தொடர்பே இல்லை என்றாலும், இணைப்புத் திட்டத்தில் அதிக ஒப்புதல்கள் தேவைப்பட்ட வேலை இதுதான்.

அடுத்தது, பதில் வராத பரிவர்த்தனைகள். கட்டளையை அனுப்பிவிட்டோம், குறித்த நேரத்துக்குள் பதில் இல்லை. இந்த நிலையில் பழைய வழக்கப்படி மறுபடி அனுப்பினால், முதல் கட்டளையும் உள்ளே போயிருக்கும்பட்சத்தில் பணம் இரண்டு முறை போய்விடும். இறுதியான பரிவர்த்தனையைத் திரும்பப் பெற வலையமைப்பில் வழியில்லை. பெற்றவர் மனமுவந்து திருப்பி அனுப்பினால்தான் உண்டு. ஆகவே ‘நடந்தது’, ‘நடக்கவில்லை’ என்ற இரண்டு நிலைகளோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது நிலையையும் பேரேட்டுப் பக்கம் வைத்தோம். அந்த நிலையில் இருக்கும் தொகை, முடிவாகாத தொகைகளுக்கான சஸ்பென்ஸ் கணக்கில் நிற்கும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய தனி அடையாளமான, 36 எழுத்துகள் கொண்ட யுஇடிஆர் குறியீட்டை வைத்து வலையமைப்பில் தேடிப் பார்த்து உறுதி செய்யாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலோடு ஒப்பிடும் சரிபார்ப்பையும், அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அனுப்புவதற்கு முன்பே முழுமையாக முடிக்க வேண்டியிருக்கிறது.

வங்கிகளின் பணப்பரிமாற்றச் செய்திகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20022 செய்தி வடிவம் பரவலானது பெரிய உதவி. வங்கிகளுக்கிடையே செய்தி கடத்தும் ஸ்விஃப்ட்டின் பழைய எம்டி 103 வடிவத்தில் பணம் எதற்காக என்பதை 35 எழுத்து வீதம் நான்கு வரிகளுக்குள் திணித்தாக வேண்டியிருந்தது. இன்வாய்ஸ் எண்ணைப் பிரித்தெடுப்பதே ஒரு வேலையாக இருந்தது. இப்போது அது தனிப் புலத்தில் வருவதால் நாஸ்ட்ரோ (வெளிநாட்டு வங்கியில் நாம் வைத்திருக்கும் கணக்கு) சரிபார்ப்பில் கையால் பொருத்த வேண்டியவை கண்கூடாகக் குறைந்துவிட்டன.

கோர் பேங்கிங்கை அப்படியே விட்டுவிட்டு நடுவில் ஓர் இணைப்பு அடுக்கைக் கட்டியது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையான ஏஎஸ்எக்ஸ் பங்குப் பரிவர்த்தனைகளைத் தீர்க்கும் தன் செஸ் அமைப்பையே பகிர்ந்த பேரேட்டுத் தொழில்நுட்பத்தில் (பிளாக்செயின் வகை) புதிதாக எழுத முயன்று, பல ஆண்டுகளுக்குப் பின் 2022 நவம்பரில் அதைக் கைவிட்டு, சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை நட்டமாக எழுதித் தள்ளியது. முதுகெலும்பை மாற்றுவதும் அதனோடு ஒரு புதிய உறுப்பைச் சேர்ப்பதும் ஒரே அளவு அபாயமுள்ளவை அல்ல.

இரண்டு நாணயங்கள் ஒரே கணத்தில் கைமாறும் வசதியைத்தான் இதன் உண்மையான பலமாக நான் மதிக்கிறேன். 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது, அதற்கு ஜெர்மன் நாணயமான மார்க்கைச் செலுத்திவிட்டு நியூயார்க்கில் டாலருக்காகக் காத்திருந்த வங்கிகள் கைவிடப்பட்டன. ஒரு நாணயத்தின் கைமாற்றம் நிறைவேறாவிட்டால் மற்றதும் நிறைவேறாது என்று வலையமைப்பே உறுதி செய்யும்போது அந்த இடைவெளிக்கே இடமில்லை.

ஆயினும், வணிக வங்கியின் வலையமைப்பில் நாம் வைத்திருக்கும் டாலர் அந்த வங்கியின் மீதான நம் உரிமை மட்டுமே. 2022 நவம்பர் 1 அன்று ஒன்பது வங்கிகளுடன் முன்னோட்டம் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் வங்கிகளுக்கிடையிலான (ஹோல்சேல்) டிஜிட்டல் ரூபாயைப் போல அது மத்திய வங்கியின் பணம் அல்ல. எனவே வார இறுதியில் எவ்வளவு இருப்பை அங்கே விடலாம் என்பதற்கு எங்கள் இடர் மேலாண்மைப் பிரிவு வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் முழுத் தொகையில் தீர்வதால், வரவையும் பற்றையும் கழித்து மிச்சத்தை மட்டும் செலுத்தும் சௌகரியமும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியமே கருவூலப் பிரிவு இரண்டு நாளுக்கான தேவையைக் கணித்து டாலரை முன்கூட்டி நிரப்ப வேண்டும். கணிப்பு குறைந்தால் ஞாயிறன்று கட்டளைகள் வரிசையில் நிற்கும்; கூடினால் அந்தப் பணம் வேறு வருவாய் ஈட்டாமல் கிடக்கும். அதனால்தான் திங்கள்வரை பொறுக்கக்கூடிய பெரிய தொகைகளை இன்றும் ஸ்விஃப்ட் வழியே அனுப்புகிறோம். வார இறுதியில் சரக்கை விடுவிக்கப் பணம் தேவைப்படுகிற வாடிக்கையாளர்களுக்கு மட்டும் வலையமைப்பைத் திறந்து வைத்திருக்கிறோம்.