மிளாவுக்கு எந்தக் காடு நல்லது: தொடாத காடா, மரம் எடுத்த பாலாக் காடா, ரப்பர்க் காடா?

கோலாலம்பூரிலிருந்து ஜெரண்டுட் வழியாகக் கோலா தாஹான் போய், தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் பும்புன் ஒன்றில், அதாவது மறைந்திருந்து விலங்கு பார்க்கும் குடிலில், இரவு தங்கினோம். விடியற்காலை மூன்று மணி வாக்கில் டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னின. ஒரு பெண் மிளா. பெரிய மான் வகை, மலாயில் ருசா என்போமே, அதுதான். முன்கால் புதையச் சேற்றில் நின்று, உப்பு மண்ணை நக்கிக்கொண்டே இருந்தது. அன்று இரவு முழுக்க நாங்கள் பார்த்தது அந்த ஒன்றைத்தான். 4,343 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள் இவ்வளவுதானா என்று இருந்தது.

வேட்டையை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் இதற்குக் காரணம் உண்டு. பழங்காட்டின் இலையெல்லாம் 40 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரையில் நிழல். மிளாவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தளிரும் புல்லும் குறைவு. அதனால் அது ஆற்றோரம், மரம் சாய்ந்து வெயில் விழுந்த இடம், உப்புச்சேறு என்றே சுற்றும். குரைக்கும் மானான கேளையாட்டுக்கும் குட்டி உருவச் சருகுமானுக்கும் அதே காடு சோறு போடும் வீடு. இரண்டும் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கித் தின்பவை, அதிலும் அத்திப்பழம் என்றால் விடாது.

அடுத்து, மரம் எடுத்த காடு. மலேசியத் தீபகற்பத்தில் 1978 முதல் தேர்ந்தெடுத்து வெட்டும் முறை நடப்பில் இருக்கிறது. மெராந்தி போன்ற மரங்கள் குறைந்தது 50 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும், மற்றவை 45. ஒருமுறை வெட்டினால் மறுபடி கைவைக்க 30 ஆண்டு. மரம் சாய்ந்த இடத்தில் வெயில் இறங்கியதும் மஹாங் மரக்கன்றுகளும் புல்லும் குபுகுபுவென்று கிளம்பும். மிளாவுக்கு அது விருந்து. தீனி ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்தால், இந்தக் காடு பழங்காட்டை ஜெயித்துவிடும். சருகுமானுக்கு நிலைமை தலைகீழ். பெரிய மரத்தைப் பற்றி வளர்ந்த அத்தி, அந்த மரம் விழும்போது கூடவே போய்விடுகிறது.

என் பெரியப்பா பகாங்கில் வெட்டுமரம் ஏற்றும் பாலாக் லோரி ஓட்டியவர். இந்தக் கணக்கை அவரிடம் சொன்னேன். "சடக்கு போட்ட ஆறு மாசத்துல ருசா ஓரத்துல வந்து மேயும்டா தம்பி. அதுக்கடுத்த ஆறு மாசத்துல கம்பிக் கண்ணி வந்துடும்" என்றார். மரம் ஏற்றப் போட்ட சாலைதான் சடக்கு. தீனி பெருகிய அதே சடக்கில்தான் வேட்டைக்காரனின் மோட்டார் சைக்கிளும் வருகிறது. தாமான் நெகாராவிலும் கண்ணி உண்டு, ஆனால் அங்கே நடுக்காட்டுக்குப் போகக் கால்நடையாக நாள்கணக்கில் ஆகும். அந்தத் தூரம்தான் மானுக்குக் காவல். புல்டோசர் கிளறிய மண் மழையில் இறங்கி உப்புச்சேற்றை மூடுவது இன்னொரு கேடு. இலையில் கிடைக்காத சோடியத்துக்கு மான் வேறெங்கே போகும்?

மூன்றாவது, காட்டை மொட்டையடித்து ரப்பரோ அகேசியாவோ நடுவது. பதிவேட்டில் அது இன்னமும் வனக்காப்பு நிலம்தான். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு பால்மரத்தடி எப்படி இருக்கும் என்று தெரியும்: வரிசை, நிழல், சருகு. முதல் சில ஆண்டு புல்லும் கொடியும் இருக்கும், மிளாவும் வந்து இளங்கன்றைக் கடிக்கும், உடனே விரட்டுவார்கள். கிளைகள் கூடிவிட்டால் தின்ன ஒன்றுமில்லை, உதிரப் பழமும் இல்லை. இதை நான் மான் காடு என்ற கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

மீதி இரண்டில், இன்றைய நிலையில் என் ஓட்டு தொடாத காட்டுக்கு. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் புலிகள் 150-க்கும் குறைவு என்று தெரிந்தது. புலிக்கு மிளா முக்கியமான இரை. தீனி கூடும் என்ற ஆசையில் கண்ணிக்கு வழி திறந்துவிட நமக்கு இடமில்லை. ஏற்கெனவே வெட்டிய காடுகளை மட்டும் மிளாவுக்கு நல்ல மேய்ச்சலாக மாற்ற முடியும், சடக்கை உண்மையாக மூடினால். வாசலில் சங்கிலி போட்டால் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் புகுந்துவிடும். கடைசி லோரி வெளியே வந்த அன்றே ஓடைகளின் மேல் போட்ட மரப்பாலங்களைப் பிரிக்க வேண்டும், மேட்டுச் சடக்கை இடையிடையே ஆழமாக வெட்டிவிட வேண்டும், அப்புறம் மாதாமாதம் ஆள் நடந்து கண்ணி பொறுக்க வேண்டும்.