ஆர்கன் சத்தத்தில் கீபோர்டை வாசித்துக் காட்டினால் உஷார்

இரண்டு மாதத்துக்கு முன், கம்ப்யூட்டரில் மாட்டி வாசிக்கும் 49 கட்டை மிடி கீபோர்டு ஒன்று வாங்கி ஏமாந்தேன். 14,500 ரூபாய். புதுசு என்று சொல்லி, யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்த பீஸை என் தலையில் கட்டிவிட்டார்கள். கடை சென்னையில். பெயர் வேண்டாம். அவர்கள் செய்த வேலையை எந்தக் கடையிலும் செய்யலாம், அதைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

நான் மதுரைக்காரன். வீட்டின் பின்னறையில் ஒரு லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு குறும்படங்களுக்கும் கோயில் பாட்டுகளுக்கும் இசை செய்கிறேன். அதுவரை 25 கட்டைக் குட்டிக் கீபோர்டில்தான் ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் வாங்கியிருக்கலாம். ஆனால் கட்டையை விரலால் அழுத்திப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம், ராத்திரி பஸ் ஏறிப் போனேன். அழுத்தியும் பார்த்தேன். அப்படியும் ஏமாந்தேன் என்பதுதான் கதை.

கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து நன்றாகத்தான் பேசினார். தன் லேப்டாப்பில் கீபோர்டை மாட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டிக் காட்டினார். ஆர்கன் சத்தம். எல்லாக் கட்டையும் பேசியது. நானும் நாலு கார்டு (மூன்று நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது) பிடித்துப் பார்த்தேன், திருப்தி. "பியானோ வெச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "பியானோ இதுல லோட் பண்ணலை சார். எந்த சவுண்டா இருந்தா என்ன, சத்தம் கம்ப்யூட்டர்லேர்ந்துதானே வருது" என்றார். அது உண்மைதான். மிடி கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்று எண்களாகச் சொல்லும், அவ்வளவுதான். ஒரு நிஜத்தைச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டை நீட்டினார். விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது என்று அதில் முத்திரை. இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். இதில் என் பேராசைக்கும் பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்து பியானோ சத்தத்தை வைத்தேன். நடுவில் உள்ள ஜி கட்டை, பூ மாதிரித் தொட்டாலும் அறைந்தது. நிசப்தமான வீட்டில் எவர்சில்வர் தட்டு விழுந்த மாதிரி. பக்கத்துக் கட்டைகள் சாதுவாக இருந்தன. மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து எண்களைப் பார்த்தேன். மெதுவாக அழுத்தினால் பக்கத்துக் கட்டைகளான எஃப் 38, ஏ 42, ஆனால் ஜி 127. திரும்ப அழுத்தினால் மறுபடியும் 127. ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை ஒன்றுமே வரவில்லை. 127-க்கு மேல் எண் கிடையாது, அதாவது முழு பலத்தோடு ஓங்கி அடித்ததாகக் கணக்கு. இப்படி மொத்தம் மூன்று கட்டைகள்.

காரணம் எளிது. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒரு ரப்பர் குமிழ், அதற்குள் இரண்டு கார்பன் பொட்டுகள் இருக்கும். கட்டை இறங்கும்போது ஒன்று முந்தித் தொடும், மற்றது ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த இடைவெளியில் பின்னால் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் வெலாசிட்டி, அதாவது அழுத்திய வேகத்தின் எண் பிறக்கிறது. பொட்டில் அழுக்கோ ஈரமோ ஏறினால் கணக்கு தப்பிவிடும். ஆர்கன் சத்தத்திலோ பெரும்பாலும் வெலாசிட்டிக்கு வேலையே இல்லை. குழாயில் காற்று போகும், இல்லாவிட்டால் போகாது. 1 வந்தாலும் 127 வந்தாலும் ஒரே சத்தம். கெட்ட கட்டையை மறைக்க இதைவிட நல்ல திரை கிடையாது.

தற்செயலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வீணை சாம்பிளை (பதிவு செய்த வீணைச் சத்தத்தை) தம்புராவோடு வாசித்தபோது சுருதி சேரவில்லை. அரை மணி நேரம் தம்புராவைத் திட்டிவிட்டுத்தான் எண்களைப் பார்த்தேன். சுருதியை ஏற்றி இறக்கும் சக்கரமான பிட்ச் வீலைத் தொட்டு விட்டால் நடு எண்ணான 8192-இல் வந்து நிற்க வேண்டும், இது 8600-இல் நின்றது. வழக்கமான செட்டிங்கில், அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது. தனியாக வாசித்தால் எல்லா ஸ்வரமும் சேர்ந்தே ஏறியிருக்கும், காது கண்டுபிடிக்காது.

கடைசியில், கூட வரும் இலவச மென்பொருளுக்காக சீரியல் நம்பரைப் பதிந்தேன். ஏற்கனவே பதிவாகிவிட்டது என்று வந்தது. அப்போதுதான் பெட்டியைச் சரியாகப் பார்த்தேன். மேலே ஒட்டிய டேப்புக்கு அடியில், முன்பு ஒரு டேப்பைப் பிய்த்து அட்டையின் தோல் உரிந்த தடம்.

போன் செய்தால், "நீங்க வாசிச்சுப் பார்த்துத்தானே சார் எடுத்துட்டுப் போனீங்க" என்றார். அடுத்த நாளிலிருந்து எடுக்கவே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். பில் இல்லாததால் யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மூன்று கட்டைகளின் எண்களைக் காட்டும் வீடியோ, இவைதான் கைகொடுத்தன. பில் தராததையும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதையும் 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், திரும்ப வாங்க வேண்டிய கெடு 30 நாள். பத்து நாள் கழித்துக் கடையிலிருந்தே கூப்பிட்டார்கள். வேறு பீஸ் வேண்டாம், பணம் போதும் என்றேன். 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார்கள். கூரியர் செலவும் என் கையிலிருந்துதான். சரி, தொலையட்டும்.

போன வாரம் மதுரையிலேயே ஒரு கடையில் வேறு கீபோர்டு வாங்கினேன். கையில் ஆண்ட்ராய்டு போன், கீபோர்டைப் போனில் மாட்டும் ஓடிஜி கேபிள், எண்களைக் காட்டும் இலவச மிடி மானிட்டர் ஆப். சின்னக் கீபோர்டுகள் பெரும்பாலும் போனிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், அதனால் கடை லேப்டாப்பின் தயவு தேவையில்லை. 49 கட்டையையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை அழுத்தினேன். வீலைத் தள்ளி விட்டு 8192 வருகிறதா என்று பார்த்தேன். சீரியல் நம்பரைக் கடையிலேயே பதிந்தேன். ஜிஎஸ்டி பில். மொத்தம் இருபது நிமிடம்.

கடைப் பையன் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே எண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்றான். காட்டினேன். உள்ளே போய், மாசக் கணக்கில் எல்லோரும் தட்டிப் பார்த்த டிஸ்பிளே பீஸைத் தூக்கி வந்தான். "இதையும் ஒரு தடவை பாருங்களேன்." இரண்டு கட்டைகள் 127.