தேவி திரையரங்கம்: இருட்டுக்காகவே செல்லலாம்

சென்னை அண்ணாசாலையில் 1970-இல் திறக்கப்பட்ட தேவி வளாகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் பழம்பெருமையோடு நின்றுவிடுகிறார்கள். அதே சாலையில் சஃபையர் இன்று இல்லை, சாந்தியும் 2016-இல் மூடப்பட்டுவிட்டது என்பதால் அந்த ஏக்கம் இயல்பானதுதான். ஆயினும், தமிழ்ப் படங்களுள் பல ஏறத்தாழ நான்கே வாரங்களில் ஓடிடி தளங்களுக்கு வந்துவிடும் இக்காலத்தில், கட்டணம் செலுத்தி அங்கே போய் எதைப் பெறுகிறோம் என்பதைத்தான் மதிப்புரை சொல்ல வேண்டும். நாம் பெறுவது முதன்மையாக இருட்டு என்பேன்.

டிஜிட்டல் திரையிடலுக்கு வகுக்கப்பட்ட தரத்தின்படி வெண்திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டலா (ஒளிச்செறிவின் அலகு) மட்டுமே. விளக்கெரியும் கூடத்திலும் படம் தெரிய வேண்டும் என்பதற்காக வீட்டுத் தொலைக்காட்சிகள் அதைவிடப் பல மடங்கு பிரகாசமாகச் செய்யப்படுகின்றன. திரையரங்கின் படமோ முற்றிலும் இருளை நம்பியது. கண் அந்த இருளுக்குப் பழகிய பிறகே, வீட்டில் வெறும் கறுப்பாகத் தெரிந்த இரவுக் காட்சிக்குள் சுவரின் ஈரமும், நிழலில் நிற்பவரின் தோள்வளைவும், ஒளிப்பதிவாளர் பாடுபட்டு அமைத்த சாயல்களும் ஒவ்வொன்றாகப் புலப்படுகின்றன. வளாகத்தின் பெரிய அரங்கான தேவியின் நடுவரிசைகளில் அமர்ந்தால் பார்வை வேறெதிலும் சிதறாது. நிறுத்தி வைக்கும் பொத்தானும் கையில் இல்லாததால், மெதுவாக நகரும் காட்சிக்கும் நாம் முழுக் கவனத்தைக் கொடுத்துவிடுகிறோம். எனக்கு இதுவே ஓடிடியால் தர இயலாத பெரும்பேறு.

நான்கு அரங்குகளுள் ஒன்றான தேவி பாரடைஸுக்குப் படிகளில் ஏற வேண்டியதில்லை, சாய்தளத்தின் வழியே நடந்தே மேலே போகலாம். முதியோருக்கு வசதி என்பதோடு, அப்படி ஏறும்போதே அண்ணாசாலையின் இரைச்சலும் வெயிலும் விலகி, மனம் படத்துக்கு ஆயத்தமாகிவிடுகிறது. புதிய மல்டிபிளக்ஸ்களின் நகரும் படிக்கட்டுகளில் இந்த இதமான இடைவெளி கிடைப்பதில்லை.

எந்த அரங்கிலும் இருட்டைக் கெடுப்பவை கைப்பேசிகளே. ஒருவர் குறுஞ்செய்தி பார்த்தால் பின்னால் இருக்கும் வரிசைகள் அனைத்தும் படத்தை இழக்கின்றன. நிர்வாகங்கள் இதில் கண்டிப்புக் காட்ட வேண்டும். முதல்நாள் காட்சி விசிலும் கொண்டாட்டமுமான திருவிழா, அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. படத்தையே பார்க்க விரும்புவோர் இரண்டாம் வாரத்தின் வேலைநாள் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விளக்கு அணைவதற்கு முன்பே இருக்கையில் அமர்ந்துவிடுவது நல்லது.