லண்டனின் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு: பிராம்ப்டன் சி லைன் எலெக்ட்ரிக் மடக்கு மின்சைக்கிள், மின்ஸ்கூட்டரோடு ஒப்பிட்டு

வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு இரண்டு கிலோமீட்டர். ரயிலை விட்டு இறங்கினால் அலுவலகத்துக்கு இன்னொரு இரண்டு. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் குடியிருந்து லண்டன் நடுவே வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் சில நாள் ரயிலில் போகும் நேரத்தையே மிஞ்சிவிடும். அந்த நாலு கிலோமீட்டருக்கு வண்டி தேடிப் போனால் கடையில் முதலில் பேசுவது வேகத்தையும் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தையும் பற்றித்தான். இந்தப் பயணத்துக்கு இரண்டுமே முக்கியமில்லை. சட்டப்படியான எந்த மின்சைக்கிளும் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் உதவியை நிறுத்திவிடும். சிறிய பேட்டரிகூட நாலு கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் தாங்கும். ரயிலில் ஏற்ற விடுவார்களா, படியில் தூக்க முடியுமா, மேசைக்கு அடியில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஓட்டாமல் இருக்கும் நேரம்தான் இந்த வண்டிக்கு அதிகம்.

முதலில் மின்ஸ்கூட்டர். சியாவ்மி எம்365 வகையை எடுத்துக்கொண்டால் சுமார் பன்னிரண்டரை கிலோ எடை, 250 வாட் மோட்டார், 280 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்சார அளவு) பேட்டரி. மூன்று நொடியில் மடங்கும், ஒரு கையில் தொங்கும். கருவியாகப் பார்த்தால் குறுந்தூரத்துக்கு இதைவிட எளியது இல்லை. ஆனால் சொந்த மின்ஸ்கூட்டரைப் பிரிட்டனில் பொதுச் சாலையிலோ நடைபாதையிலோ ஓட்டுவது சட்டவிரோதம். 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அது மோட்டார் வாகனம், ஆனால் அதற்குக் காப்பீடு எடுக்க வழியே கிடையாது. பிடிபட்டால் காப்பீடு இல்லாமல் ஓட்டியதற்கு 300 பவுண்ட் அபராதமும் லைசென்ஸில் ஆறு புள்ளிகளும் விழும், வண்டியும் பறிபோகும். கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு அந்த ஆறு புள்ளி சின்ன விஷயமில்லை. கடைகளில் வெளிப்படையாக விற்கிறார்களே என்று நினைக்க வேண்டாம். விற்பதற்குத் தடையில்லை, தனியார் நிலத்தில் அதன் உரிமையாளர் அனுமதியோடு ஓட்டவும் தடையில்லை.

ரயிலிலும் கதவு மூடிவிட்டது. 2021 நவம்பரில் பார்சன்ஸ் கிரீன் ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலுக்குள் ஒரு மின்ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 13 முதல் லண்டன் பொதுப் போக்குவரத்தை நடத்தும் டிஎஃப்எல் தன் ரயில், பஸ் எல்லாவற்றிலும் சொந்த மின்ஸ்கூட்டருக்குத் தடை போட்டது. மடித்து உறைக்குள் வைத்திருந்தாலும் கொண்டுபோக முடியாது. 2025 பிப்ரவரியில் ரேய்னர்ஸ் லேன் நடைமேடையில் ஒரு மின்சைக்கிள் எரிந்தபின், மார்ச் 31 முதல் மடங்காத மின்சைக்கிள்களுக்கும் தடை வந்தது. மடங்கும் மின்சைக்கிளுக்கு மட்டும் அனுமதி தொடர்கிறது. ரயிலோடு சேர்த்துத் திட்டமிடுகிறவர்களுக்குத் தேர்வு இந்த ஒரு விதியிலேயே முடிந்துவிடுகிறது.

வாடகை மின்ஸ்கூட்டர் சட்டபூர்வமானது. லண்டனில் 2021 ஜூனில் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. பதினெட்டு வயதும் குறைந்தது புரொவிஷனல் (பழகுநர்) லைசென்ஸும் வேண்டும். வேகம் மணிக்கு 12.5 மைல், அதாவது 20 கிலோமீட்டரோடு நின்றுவிடும். திட்டத்தில் சேர்ந்த பரோக்களுக்குள்தான் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகள்) ஓடும், குறித்த இடத்தில்தான் நிறுத்தி முடிக்க வேண்டும். எப்போதாவது ஒருவழிப் பயணத்துக்கு இது போதும். தினமும் இரண்டு முனையிலும் எடுத்தால் மாதக் கணக்கு வேகமாக ஏறும், வேண்டிய நேரத்தில் வண்டி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

இனி பிராம்ப்டன். மேற்கு லண்டன் கிரீன்ஃபோர்டில் தயாராகும் இந்தச் சைக்கிளின் மின்வடிவம் 2017ல் அறிவிக்கப்பட்டது. வில்லியம்ஸ் அட்வான்ஸ்டு எஞ்சினியரிங் நிறுவனம் மோட்டார் வடிவமைப்பில் கைகொடுத்தது. முன்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) 250 வாட் மோட்டார், முன்னால் மாட்டும் பைக்குள் 36 வோல்ட், 300 வாட்-மணி பேட்டரி, 16 அங்குலச் சக்கரம். ஆறு கியர் மாடல் பேட்டரியோடு 17 கிலோவைத் தாண்டும். பேட்டரிப் பையின் மூன்று கிலோவைக் கழித்தால் கையில் மிஞ்சுவது பதினாலரை கிலோ. விலை 3,000 பவுண்டை ஒட்டி வரும். வேலையிடத்தில் சைக்கிள்-டு-வொர்க் திட்டம் இருந்தால் வரிக்கு முந்திய சம்பளத்திலிருந்து தவணையாகக் கழித்துக்கொள்ளலாம். முழு விலை கொடுக்கும் முன் மனிதவளப் பிரிவில் கட்டாயம் கேளுங்கள். சட்டத்தின் கண்ணில் இது சாதாரணச் சைக்கிள். பதினாலு வயது நிரம்பினால் போதும், லைசென்ஸோ காப்பீடோ நம்பர் பிளேட்டோ தேவையில்லை.

ஓட்டத்தில் இது பெடலை மிதித்தால்தான் தள்ளும் வண்டி, மிதிக்காமலே ஓட்டும் திருகுபிடி கிடையாது. மிதிக்கத் தொடங்கி ஒரு கணம் கழித்தே உதவி வரும். உதவியின் மூன்று நிலைகளில் நடுநிலை தட்டையான சாலைக்குச் சரியாக இருக்கும். ஹாரோ-ஆன்-த-ஹில் மாதிரி ஏற்றத்தில் மூன்றாவது நிலை வேண்டும், கியரையும் இறக்க வேண்டும். 250 வாட்டை வைத்துக்கொண்டு மோட்டாரே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று பெரிய கியரில் மிதித்தால் முழங்கால்தான் வலிக்கும். ஆறு கியர் என்பது பின் ஹப்புக்குள் மூன்று, வெளியே இரண்டு பற்சக்கரம். வலக்கை நெம்புகோல் ஹப்புக்கு உரியது. மிதிப்பதை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும், சிக்னலில் நிற்கும்போதும் மாற்றலாம். இடக்கை நெம்புகோல் சங்கிலியைத் தள்ளுவது. அதை மிதித்துக்கொண்டே மாற்ற வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் புதிதாக வாங்குகிறவர்களின் சங்கிலி கழன்றுவிடுகிறது.

முன்சக்கரத்தில் மோட்டார் இருப்பதன் குறை ஈரத்தில் தெரியும். நனைந்த இரும்பு மூடி மேலோ உதிர்ந்த இலை மேலோ ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் முன்சக்கரம் வழுக்கும். மழை நாளில் முதல் நிலைக்கு இறக்கிவிடுவது நல்லது. பிரேக் சக்கர விளிம்பைப் பிடிக்கும் பழைய வகை, மழையில் பிடிக்கச் சற்றுத் தாமதமாகும், முன்கூட்டியே தொட்டு விளிம்பை உலர்த்த வேண்டும். அப்படியிருந்தும் ஸ்கூட்டரைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது, காரணம் சக்கர அளவு. எட்டரை அங்குல ஸ்கூட்டர் சக்கரத்தின் ஆரம் பதினொரு சென்டிமீட்டர்கூட இல்லை. நாலு சென்டிமீட்டர் ஆழப் பள்ளத்தின் விளிம்பு அதற்கு ஒரு சுவர். நின்றபடி ஓட்டுகிறவரின் உடல் எடை உயரத்தில் இருப்பதால் ஆள் அப்படியே முன்னால் போய் விழுவார். பிராம்ப்டன் சக்கரத்தின் ஆரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே பள்ளத்தில் முதுகு அதிரும், ஆள் விழமாட்டார்.

மடக்குவது சில அசைவுதான். பேட்டரிப் பையை முதலில் கழற்றித் தோளில் போடுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி அடியில் மடக்குங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி வலது பெடலைப் பின்பக்கம் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் முன்பாகம் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) மோதி முழுதாக மடங்காது. நடுப்பூட்டைத் தளர்த்தி முன்பாகத்தைத் திருப்பி மடக்கி, கைப்பிடியை இறக்கி, கடைசியாக இருக்கையைக் கீழே அழுத்துங்கள். இருக்கைத் தண்டு இறங்கினால்தான் மொத்த மடிப்பும் பூட்டும். அதை மறந்துவிட்டுத் தூக்கினால் பின்சக்கரம் விரிந்து பக்கத்தில் நிற்பவர் காலில் விழும். மடித்த பின் அளவு 56.5, 58.5, 27 சென்டிமீட்டர். டியூப் (சுரங்க ரயில்) இருக்கை வரிசையின் கண்ணாடித் தடுப்பு ஓரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கும். எந்த நேரத்திலும், உச்ச நெரிசலிலும், மடித்த சைக்கிளுக்கு அனுமதி உண்டு. பஸ்ஸில் மட்டும் டிரைவர் விருப்பம்.

எடையை மறைத்துப் பேச முடியாது. பதினாலரை கிலோ ஒரு கையில், மூன்று கிலோ தோளில். லிஃப்ட் இல்லாத ஸ்டேஷனில் இரண்டு மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்கும். உருட்டிப் போகத் தரையில் இடம் இருந்தால் பின்பக்கக் கேரியர் உள்ள மாடலையே வாங்குங்கள். அதன் நாலு சின்னச் சக்கரத்தில் மடித்த வண்டி நேராக உருளும். கேரியர் இல்லாத மாடல் உருளும்போது சாயும். முதுகுவலி உள்ளவர்களும், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருப்பவர்களும் பணம் கொடுக்கும் முன் கடையில் மடித்த வண்டியைத் தூக்கி ஒரு மாடி ஏறி இறங்கிப் பார்க்கட்டும். மற்ற மடக்கு மின்சைக்கிள்கள் இதைவிடக் கனம். 20 அங்குலச் சக்கரமுள்ள டெர்ன் வெக்ட்ரான் 22 கிலோ. பிராம்ப்டனின் சொந்த ஜி லைன் மின்வடிவம், பின்சக்கர மோட்டாரும் டிஸ்க் பிரேக்குமாகச் சாலையில் இதைவிட நன்றாகப் போகும், ஆனால் மடித்தால் பெரிது, தூக்கினால் கனம். ரயிலே ஏறாதவர்களுக்கு அவை பொருந்தும்.

300 வாட்-மணி, கிலோமீட்டருக்கு 8 முதல் 10 வாட்-மணி என்று வைத்தால் 30 முதல் 37 கிலோமீட்டர் வரும். நிறுவனம் சொல்லும் 70 முதல் நிலையில், சமதரையில், மெலிந்த ஆளுக்கு. குளிரில் தூரம் கண்கூடாகக் குறையும். தினம் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வாரம் ஒரு சார்ஜ் போதும், மின்செலவு பத்துப் பென்ஸ் அளவு. சாதாரண சார்ஜரில் நாலு மணி நேரம் பிடிக்கும். பேட்டரி தனியாகக் கழன்று வருவதால் வண்டியை நடைவழியில் இழுத்து வைத்துச் சார்ஜ் போட வேண்டியதில்லை. வெளியேறும் வழியில் எந்த லித்தியம் பேட்டரியையும் சார்ஜ் போடவே கூடாது. எல்லாரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள். 36 வோல்ட் பேட்டரிக்கு முழுச் சார்ஜ் 42 வோல்ட். 48 வோல்ட் வண்டிகளின் சார்ஜர் 54.6 வோல்ட் தரும், மலிவு வகைகளில் இரண்டுக்கும் ஒரே முனை இருப்பதுண்டு. மாற்றிச் செருகினால் பாதுகாப்புச் சுற்று ஒன்றுதான் வீட்டுக்கும் தீக்கும் நடுவில் நிற்கும். உறைகுளிரில் கிடந்த பேட்டரியை அறைச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் போடுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும்.

ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி ஏறாது, எனவே இந்த 300 சென்னைக்கோ கொழும்புக்கோ வராது. பேட்டரியை வீட்டில் வைத்துவிட்டுச் சைக்கிளை மட்டும் பெட்டியில் கட்டிக் கொண்டுபோகலாம், மோட்டார் இல்லாமலும் நன்றாகவே மிதிக்கலாம்.

பராமரிப்பில் அடிக்கடி வருவது பஞ்சர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காற்றுப் பார்த்தாலே பாதி பஞ்சர் வராது. வால்வு கார் வால்வு வகை, அதற்கான எந்தப் பம்பும் பொருந்தும். முன்சக்கரத்தைக் கழற்ற 15 மில்லிமீட்டர் ஸ்பானர் வேண்டும், அதற்கு முன் மோட்டார் ஒயர் இணைப்பை நேராக இழுத்துப் பிரிக்க வேண்டும். திருகினால் உள்ளே ஊசி வளையும். நட்டுக்கு உள்ளே வரும் வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு சுழலாமல் தடுப்பது அவைதான், தப்பாக மாட்டினால் மோட்டார் விசையில் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) முனை தேயும். பின்சக்கரத்தில் சங்கிலி இறுக்கியும் ஹப்பின் சின்னக் கம்பியும் முதலில் கழல வேண்டும். திரும்ப மாட்டியதும் இரண்டாம் கியரில் அந்தக் கம்பியின் தண்டு அச்சு முனையோடு சமமாக, மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர் நீண்டு நிற்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். விட்டுவிட்டால் மிதிக்கும்போது கியர் நழுவும்.

மோட்டார் உதவி விட்டுவிட்டு வந்தால் உடனே சர்வீஸுக்கு ஓட வேண்டாம். பை உட்காரும் கட்டையிலும் பேட்டரியிலும் உள்ள தொடுமுனைகளில் சாலை அழுக்கும் உப்பும் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, பை கிளிக் என்று முழுதாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். அதற்குப் பின்னும் கோளாறு தொடர்ந்தால் கடைக்குக் கொண்டுபோகலாம்.

வெளியே பூட்டி நிறுத்தும் வண்டி இது இல்லை, எந்தப் பூட்டானாலும். கடைக்குப் போனால் பின்சக்கரத்தையும் முன்பாகத்தையும் மட்டும் மடித்து, கைப்பிடியை மடக்காமல் தள்ளுவண்டிபோல் உள்ளே உருட்டிப் போகலாம்.

பழைய வண்டி வாங்குவதானால் ஃபிரேமில் பொறித்த எண்ணைப் பதிவில் தேடித் திருட்டு வண்டியா என்று பார்த்துவிட்டு, இரண்டு கீல்களையும் சோதியுங்கள். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் கைப்பிடித் தண்டின் கீலில் ஆட்டம் தெரியக்கூடாது. பூட்டுத் தகடு தேய்ந்திருந்தால் மாற்றுவது மலிவு, கீல் ஊசி தேய்ந்திருந்தால் செலவு. பேட்டரியை முழுச் சார்ஜில் கேளுங்கள், மூன்றாம் நிலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அதற்குள் பாதிக்குமேல் இறங்கினால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.